‘எண்ணப்பட்டது’ என்ற சொல்லிலிருந்து தொடங்குங்கள்: விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுதலை வகுப்பில் கற்பிக்கும் முறை

திடப்படுத்தல் வகுப்பு எடுப்பவருக்கும், வீட்டுக்கூட்டங்களில் வேதப்படிப்பு நடத்துபவருக்கும், போதகர் ஊரில் இல்லாத ஞாயிறுகளில் பிரசங்கபீடத்தில் ஏறவேண்டி வரும் சபையாருக்கும் இந்தக் குறிப்பை எழுதுகிறேன். நம் நற்செயல்களால் அன்று, கிறிஸ்துவை நம்புவதனாலேயே கடவுள் நம்மை நீதிமான்களாக ஏற்கிறார் என்பதுதான் விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுதல். அந்த உபதேசத்தை யாழ்ப்பாணத்தில் ஒரு மாலைநேர வகுப்பில், ஒன்றரை மணித்தியாலத்துக்குள், பதினாறு வயதுப் பிள்ளைக்கும் எழுபது வயது ஆச்சிக்கும் ஒருசேர விளங்கும்படி எப்படிச் சொல்வது என்பதே இதன் பொருள். உபதேசம் சரியா பிழையா என்று வாதிடுவது என் நோக்கமன்று. கற்பிக்க எடுத்துக்கொண்டவர் எங்கெங்கே தடுக்கி விழுவார் என்பதை என் முழங்காற் காயங்களைக் காட்டிச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதன்முறை இதைக் கற்பித்தபோது நான் 1517ஆம் ஆண்டிலிருந்து தொடங்கினேன். விற்றன்பேர்க், திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடக்கிய லூதர், 95 கோட்பாடுகள், பாவமன்னிப்புச் சீட்டு என்று கரும்பலகை நிறைந்துவிட்டது. அரை மணித்தியாலம் கழியுமுன்னரே பின்வாங்கில் இருந்த பையன்கள் இருவர், ஜன்னலுக்கு வெளியே நின்ற மாமரத்தில் காய்களை எண்ணத் தொடங்கிவிட்டார்கள். நான் சொன்னதில் பிழை இருக்கவில்லை. ஆனால் அங்கே ஒருவரும் கேட்டிராத கேள்விக்கு நான் விடை சொல்லிக்கொண்டிருந்தேன். ‘கடவுளுக்கு முன்னால் என் நிலை என்ன?’ என்பதுதான் அந்தப் பிள்ளைகளிடம் இருந்த கேள்வி. அதற்கு வரலாறு பிறகு வந்தால் போதும். முதலில் வரவேண்டியவை சொற்கள், ஏனென்றால் இந்த உபதேசத்தின் தமிழ்ப் பெயரிலேயே நம்மை வழிதவறச் செய்யும் சொற்கள் இருக்கின்றன.

சொற்களைத் துப்புரவாக்குதல்

‘நீதிமானாக்குதல்’ என்பதில் உள்ள ‘ஆக்குதல்’ என்ற வினையை முதலில் கையில் எடுங்கள். நாம் சோறு ஆக்குகிறோம். அரிசி அடுப்பில் வெந்து சோறாக மாறுகிறது. பிள்ளையைப் படிப்பித்து ஆளாக்குகிறோம். பிள்ளை சிறிது சிறிதாக ஆளாகிறது. ஆகையால் ‘தேவன் நம்மை நீதிமானாக்குகிறார்’ என்று கேட்ட தமிழ்க் காது, கடவுள் நம்மை அடுப்பில் ஏற்றி, கெட்டவனை நல்லவனாக வேகவைத்து இறக்குகிறார் என்றே விளங்கிக்கொள்ளும். அப்படி விளங்கிக்கொண்ட பிள்ளை, ‘நான் நேற்றும் அம்மாவுக்குப் பொய் சொன்னேனே, அப்படியானால் நான் இன்னும் வேகவில்லையா?’ என்று அடுத்த கணம் தன்னையே கிள்ளிப் பார்க்கும். ஆறுதலாக வந்த உபதேசம் அங்கே பரீட்சையாகிவிடுகிறது.

இந்தத் தடுக்கல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. இலத்தீன் மொழியிலும் இதற்குரிய சொல் ‘நீதியுள்ளவனாகச் செய்தல்’ என்றே பிரியும். புனித அகுஸ்தீனார் அப்படித்தான் அதை வாசித்தார். மேற்குலகத் திருச்சபை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அவர் வழியிலேயே வாசித்தது. ரோமர் முதலிய நிருபங்களில் அப்போஸ்தலர் பவுல் எழுதிய கிரேக்க வினையோ நியாயஸ்தலத்துக்கு உரியது. உபாகமம் 25:1இல், நியாயாதிபதிகள் நீதிமானை நீதிமான் என்றும் குற்றவாளியைக் குற்றவாளி என்றும் தீர்க்கவேண்டும் என்று சொல்லப்படுகிறது அல்லவா? அந்தத் ‘தீர்த்தல்’தான் இதன் பொருள். நீதிபதி தீர்ப்பு வாசிக்கும்போது எதிரிக்கூண்டில் நிற்பவருடைய குணம் மாறுவதில்லை. சட்டத்துக்கு முன்னால் அவருடைய நிலை மாறுகிறது.

இதை வகுப்பில் நிறுவுவதற்கு இரண்டு வசனங்கள் போதும். லூக்கா 7:29இல் அதே கிரேக்க வினை வருகிறது. அங்கே ஜனங்கள் கடவுளை ‘நீதிமானாக்குகிறார்கள்’. மனிதர் கடவுளைத் திருத்தி நல்லவராக்க முடியாதாகையால், நம் மொழிபெயர்ப்பாளர்கள் அங்கே ‘ஆக்கு’ என்ற சொல்லைக் கைவிட்டு, ‘தேவன் நீதிபரர் என்று அறிக்கையிட்டார்கள்’ என்று சரியாகவே எழுதினார்கள். இரண்டாவது வசனம் 2 கொரிந்தியர் 5:21: ‘பாவம் அறியாத அவரை நமக்காகப் பாவமாக்கினார்.’ இங்கே ‘ஆக்கு’ இருக்கிறது. கிறிஸ்துவைப் பாவமாக்கியபோது அவருடைய குணம் கெட்டுப்போனதா என்று வகுப்பைக் கேளுங்கள். ‘இல்லை’ என்ற விடை உடனே வரும். அப்படியானால் நம்மை நீதிமானாக்கும்போது என்ன நடக்கிறது என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருங்கள். நான் இதுவரை கண்ட வகுப்புகளில், யாராவது ஒரு பிள்ளை அந்த மௌனத்துக்குள் விடையைக் கண்டுபிடித்துவிடும்.

அடுத்தது ‘விசுவாசம்’. தெருவில் இந்தச் சொல்லுக்கு நன்றியுள்ள அடக்கம் என்றுதான் பொருள். நாய் விசுவாசமுள்ளது, முதலாளிக்கு விசுவாசமாக இருந்த வேலையாளுக்குப் புதுவருடத்துக்கு உடுப்பு கிடைக்கும். இந்தப் பொருளோடு உபதேசத்தைக் கேட்டால், கடவுளுக்கு விசுவாசமான வேலைக்காரனாக நடந்தால் அவர் நம்மை நீதிமானாக்குவார் என்று அது தலைகீழாகிவிடும். ஆகவே ‘நம்பி ஏறுதல்’ என்று சொல்லிப் பாருங்கள். குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்றுகொண்டு, இந்தப் படகு நெடுந்தீவுக்குப் போகிறது என்று அறிந்திருப்பது ஒன்று. காலைத் தூக்கிப் படகில் வைப்பது வேறொன்று. பயணம் முழுவதும் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்த ஆச்சியும், அணியத்தில் நின்று காற்று வாங்கிய இளந்தாரியும் ஒரே நேரத்தில்தான் கரை இறங்குகிறார்கள். ‘என் விசுவாசம் மிகச் சிறியது’ என்று கலங்குபவருக்கு இதற்கு மேல் நீண்ட விளக்கம் வேண்டியதில்லை.

மூன்றாவது சொல்லை நான் தவறவிட்டேன். ஒரு மாணவன்தான் காட்டித்தந்தான். சைவக் குடும்பத்திலிருந்து புதிதாக வந்திருந்த அந்த இளைஞன், நான் ‘கிரியைகளினாலே அல்ல’ என்று நான்காவது தடவை சொன்னபோது கையை உயர்த்தி, “சேர், அந்தியேட்டி செய்யக்கூடாது எண்டோ சொல்லுறியள்?” என்று கேட்டான். அவனுடைய வீட்டில் ‘கிரியை’ என்றால் கோயிற் கிரியை, அல்லது செத்தவீட்டுக் கிரியை. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற சைவப் படிமுறையில் அது இரண்டாவது படி. இது சைவத்துக்காக வாதாடிய ஆறுமுக நாவலரின் ஊர் என்பதை நாம் மறக்கலாகாது. பேர்சிவல் பாதிரியாரோடு உடனிருந்து அவர் உழைத்த வேதாகம மொழிபெயர்ப்பு 1850இல் அச்சேறியது. (நம் கைகளில் இருப்பது அதுவன்று, பவர் ஐயர் தலைமையில் செய்யப்பட்டு 1871இல் வெளிவந்த திருப்புதலின் வழிவந்தது.) ஆகவே கிரியை என்ற சொல் வரும் இடமெல்லாம் முதன்முறையாவது ‘நாம் செய்யும் நற்செயல்கள்’ என்று விரித்துச் சொல்லுங்கள்.

இனி ‘விசுவாசத்தினாலே’ என்பதில் உள்ள ‘ஆல்’ உருபு. இலக்கணம் படித்த பிள்ளை வகுப்பில் இருந்தால் அதனையே எழுப்பி மூன்றாம் வேற்றுமையின் பொருளைச் சொல்லச் சொல்லுங்கள். மண்ணால் குடம் வனைந்தான் என்றால் மண் முதற்கருவி, அதாவது குடமாக மாறும் பொருள். திகிரியால், அதாவது குயவனின் சக்கரத்தால், வனைந்தான் என்றால் திகிரி துணைக்கருவி. குயவனால் வனையப்பட்டது என்றால் குயவன் கருத்தா. விசுவாசத்தினாலே என்பது இவற்றுள் எது? அது கருத்தா அன்று, தீர்ப்பளிப்பவர் கடவுள். மண்ணும் அன்று, நம் விசுவாசத்தைப் பிசைந்து கடவுள் நீதி செய்வதில்லை. திகிரியைப் போன்ற துணைக்கருவி என்பதே கிட்டிய விடை, ஆனால் திகிரியும் சுழன்று வேலை செய்கிறது. வாளியால் கிணற்றுத் தண்ணீர் அள்ளினான் என்பதில் வாளி என்ன செய்கிறதோ, அவ்வளவுதான் விசுவாசம் செய்கிறது. தண்ணீர் கிணற்றினுடையது, வாளி வெறுமையாக இருப்பதுதான் அதன் தகுதி.

கடைக் கொப்பி

சொற்களுக்கு இருபது நிமிடம் போதும். மாலையின் பெரும்பகுதியை இப்போது நான் சொல்லப்போகும் ஒரு சொல்லுக்கு ஒதுக்குங்கள்.

எல்லாரும் ரோமர் 4ஆம் அதிகாரத்தைத் திறந்து, ‘எண்ணு’ என்ற வினை வரும் இடமெல்லாம் பென்சிலால் கோடிடட்டும். கிரேக்க மூலத்தில் அதற்குரிய வினை இந்த ஒரு அதிகாரத்தில் 11 தடவை வருகிறது. கணக்குவழக்கிலும் பயின்ற சொல் அது. தமிழில் நமக்கு வாய்த்த சொல்லோ இன்னும் அழகானது. எண்ணுதல் என்றால் கணக்கிடுதலும் கருதுதலும் ஆகும். ‘ஆபிரகாம் தேவனை விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது’ என்பது மூன்றாம் வசனம். ‘கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்றெண்ணப்படாமல், கடனென்றெண்ணப்படும்’ என்பது நான்காம் வசனம். எட்டாம் வசனத்தில் அதே வினை எதிர்மறையில் வந்து, கர்த்தர் எவனுடைய பாவத்தை எண்ணாதிருக்கிறாரோ அவனைப் பாக்கியவான் என்கிறது. பாவம் எண்ணப்படுவதில்லை, நீதி எண்ணப்படுகிறது. ஒரே ஏட்டின் இரண்டு பக்கங்கள். ‘ஆக்குதல்’ என்ற சொல் குழப்பியதையெல்லாம் ‘எண்ணுதல்’ என்ற சொல் தெளிவாக்கிவிடும். ஆகையால்தான் வகுப்பை இந்தச் சொல்லைச் சுற்றிக் கட்டச் சொல்கிறேன்.

இப்போது கரும்பலகையில் ஒழுங்கை முகப்புக் கடையின் கடன் கொப்பியில் ஒரு பக்கத்தை வரையுங்கள். மேலே ஒரு வீட்டுக்காரரின் பெயர். பெயரை நீங்களே கற்பித்துக்கொள்ளுங்கள், வகுப்பில் இருக்கும் எவருடைய பெயரும் வேண்டாம். கீழே இடப்பக்கத்தில் மா, சீனி, தேங்காயெண்ணெய், சவர்க்காரம், வலப்பக்கத்தில் தொகைகள், இடையிடையே ‘தந்தது 500’ என்று நடுங்கிய எழுத்தில் ஒரு கழிப்பு, அடியில் எப்போதும் குறையாத ஒரு கூட்டுத்தொகை. இதைப் பார்த்தவுடன் வகுப்பில் ஒரு சிரிப்பு எழும். கொப்பியில் பெயர் இருக்கும்போது அந்தக் கடைக்கு முன்னால் சைக்கிளை எவ்வளவு வேகமாக மிதித்துப் போவோம் என்பது எல்லாருக்கும் தெரியும். கடைக்காரர் நல்லவர்தான், சிரித்துத்தான் பேசுவார், எனினும் நாம் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போவோம். ரோமர் 5:1, விசுவாசத்தினாலே நீதிமான்களாக்கப்பட்டவர்கள் ‘தேவனிடத்தில் சமாதானம் பெற்றிருக்கிறோம்’ என்று சொல்லும்போது, அந்த வேகமான மிதிப்பு நின்றுபோவதைத்தான் சொல்கிறது.

அடுத்ததாகப் பிலேமோனுக்கு எழுதின நிருபத்தை வாசியுங்கள். 25 வசனங்கள்தான். எசமானிடமிருந்து பிரிந்துபோன ஒநேசிமு என்ற அடிமையைப் பவுல் திருப்பி அனுப்புகிறார். அவன் ஏதாவது கடன்பட்டிருந்தால் ‘அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்’ என்றும், ‘நான் அதைச் செலுத்தித் தீர்ப்பேன்’ என்றும் தம் கைப்பட எழுதுகிறார். அதோடு நிற்கவில்லை. என்னை ஏற்றுக்கொள்வதுபோல அவனை ஏற்றுக்கொள்ளும் என்றும் கேட்கிறார். பவுல் இங்கே உபதேசம் விளக்கவில்லை. ஓர் உண்மையான மனிதனுக்காக உண்மையான கடனைத் தலையில் ஏற்கிறார். அதனாலேயே இதைவிடச் சிறந்த உவமை எனக்குக் கிடைத்ததில்லை. அவனுடைய கடன் என் பக்கத்துக்கு. எனக்குரிய வரவேற்பு அவன் பக்கத்துக்கு. இந்த இரண்டு அம்புக்குறிகளையும் கரும்பலகையில் போடுங்கள். பலர் முதலாவதை மட்டும் போட்டுவிட்டு, கடன் தீர்ந்தது, இனி நீயே பார்த்துக்கொள் என்று மாணவரை வெறுங்கணக்கோடு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

ஆபிரகாமின் காலக்கணக்கையும் விடாதீர்கள். ஆதியாகமம் 15இல் அவனுக்கு நீதி எண்ணப்பட்டது. இஸ்மவேல் பிறந்தபோது, அதாவது அதற்குப் பின்னர், அவனுக்கு வயது 86. விருத்தசேதனம் பெற்றபோது 99. ஆகவே தீர்ப்பு முந்தியது, சடங்கு குறைந்தது 13 ஆண்டுகள் பிந்தியது. பவுல் ரோமர் 4:10இல் ‘எப்பொழுது?’ என்று கேட்பது இந்தக் கணக்கை வைத்துத்தான். பிள்ளைகள் தாமே கழித்துப் பார்க்கட்டும்.

எழுந்தே தீரும் கேள்வி

கொப்பி உவமை நன்றாகப் பதிந்த வகுப்பில் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கட்டாயம் கேட்கும். என்னிடம் ஒரு பெண்பிள்ளை இப்படிக் கேட்டாள்: “அப்ப சேர், கடவுள் கள்ளக் கணக்கோ எழுதுறார்?”

இந்தக் கேள்வி வந்தால் மகிழுங்கள். வராவிட்டால் நீங்களே எழுப்புங்கள். வேதாகமமே இதைக் கேட்கிறது. நீதிமொழிகள் 17:15, ‘துன்மார்க்கனை நீதிமானாக்குகிறவனும், நீதிமானைக் குற்றவாளியாக்குகிறவனுமாகிய இவ்விருவரும் கர்த்தருக்கு அருவருப்பானவர்கள்’ என்கிறது. ரோமர் 4:5 கடவுளுக்குச் சூட்டும் பெயரோ ‘பாவியை நீதிமானாக்குகிறவர்’ என்பது. மனித நீதிபதி செய்தால் அருவருப்பான காரியத்தைக் கடவுள் செய்கிறார் என்று சொல்லத் துணிந்த பவுல், அதன் கூர்மையை அறியாமல் சொல்லவில்லை. அதற்கு முந்திய அதிகாரத்தில், 3:26இல், கடவுள் தாம் நீதியுள்ளவராகவும் அதேநேரம் நீதிமானாக்குகிறவராகவும் விளங்கவேண்டும் என்று அவர் வாதிடுவது இதற்காகத்தான். கொப்பியில் வெறுமனே கோடு கிழிப்பது கள்ளக் கணக்கு. யாரோ ஒருவர் முழுத்தொகையையும் கட்டியபின் கோடு கிழிப்பது சரிக் கணக்கு. சிலுவை அந்தக் கட்டணம் என்பது கிறிஸ்தவ விசுவாசம். சிலுவையை விட்டுவிட்டு இந்த உபதேசத்தைக் கற்பிப்பவர், கடவுளைத் தாராள மனமுள்ள, ஆனால் கணக்குத் தெரியாத கடைக்காரராகக் காட்டுகிறார்.

யாழ்ப்பாணத்தில் இக்கேள்விக்கு இன்னுமொரு முகம் உண்டு. ‘நீதி’ என்ற சொல்லை ஒரு பதாகையில் எழுதி, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருவோரத்தில் ஆண்டுக்கணக்காக இருக்கும் தாய்மார் வாழும் நிலம் இது. அவர்களுள் ஒருவர் உங்கள் வகுப்பில் இருக்கலாம். என் வகுப்பில் ஒருமுறை இருந்தார். நீதிமன்ற உவமையை நான் உற்சாகமாக விரித்து, குற்றவாளி விடுதலையாகி வெளியே நடந்தான் என்று கையை வீசிக் காட்டியபோது, அவர் தலையைக் குனிந்துகொண்டதைக் கண்டேன். வகுப்பு முடிந்தபின், “தம்பி, அப்ப எங்கட பிள்ளையளைக் கொண்டுபோனவையும் அப்பிடித்தானோ?” என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. இருந்ததுபோல நடித்தேன், அது இன்னும் பெரிய பிழை.

இன்று அந்த இடத்தில் நான் செய்வது இது. நீதிமொழிகள் 17:15 மனித நீதிபதிகளைக் கட்டிவைக்கிறது என்றும், கடவுளின் மன்னிப்பைக் காட்டி எந்த அரசும் எந்த நீதிமன்றமும் தன் கடமையைத் தட்டிக்கழிக்க முடியாது என்றும் முதலில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்த உபதேசம் ஒருவர் கடவுளுக்கு முன்னால் தன்னைப்பற்றிச் சொல்லக்கூடியது. அடுத்தவருக்குத் தீங்கு செய்தவன், தீங்கடைந்தவரைப் பார்த்து ‘என் கணக்குத் தீர்ந்தது, நீ வாயை மூடு’ என்று சொல்வதற்குத் தரப்பட்ட சீட்டன்று. வரி வசூலித்த சகேயு மன்னிக்கப்பட்ட அன்றே நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்க முன்வந்தான். இதற்கு மேல் நான் பேசுவதில்லை.

நீதிமன்ற உவமையை முற்றாக விட்டுவிடவும் வேண்டியதில்லை. ஓர் இடத்தில் அது கொப்பியைவிட நன்றாக வேலை செய்கிறது. நம் சபையார் பலர் கடவுளுக்கு முன்னால் பிணையில் வந்தவர்களைப்போல வாழ்கிறார்கள். வழக்கு முடியவில்லை, அடுத்த தவணைக்குப் போகவேண்டும், மாதக் கடைசி ஞாயிறு பொலிஸ் நிலையத்தில் ஒப்பமிடுவதுபோலக் கோயிலுக்கு வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போகிறார்கள். பிணைக்கும் விடுதலைக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு சட்டத்தரணியைக்கொண்டு இரண்டு நிமிடம் சொல்லச் செய்யுங்கள். பொதுமன்னிப்புக்கும் விடுதலைக்கும் உள்ள வேறுபாட்டையும் சேர்த்துக் கேளுங்கள். மன்னிப்புப் பெற்றவர் தண்டனையிலிருந்து தப்பிய குற்றவாளி, விடுதலையானவர் சட்டத்துக்கு முன் குற்றமற்றவர். அதன்பின் ரோமர் 8:1ஐ வாசித்தால், ஆக்கினைத்தீர்ப்பு இல்லை என்ற சொல் புதிதாகக் கேட்கும்.

யாக்கோபு

யாக்கோபு 2:24, மனுஷன் விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறான் என்று சொல்கிறதே என்று யாராவது கேட்பார். லூதர் 1522இல் எழுதிய முன்னுரையில் இந்த நிருபத்தை வைக்கோல் நிருபம் என்று சொல்லிவிட்டார். நாம் அப்படி அவசரப்படத் தேவையில்லை. யாக்கோபு குறைகூறும் விசுவாசம் பிசாசுகளுக்கும் உள்ள விசுவாசம். இறங்குதுறையில் நின்று படகின் பெயரை வாசிப்பது. பவுல் பேசுவது படகில் ஏறிய விசுவாசம். பவுல் எடுத்துக்காட்டுவது ஆதியாகமம் 15. யாக்கோபு எடுத்துக்காட்டுவது, ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்திய ஆதியாகமம் 22, பல ஆண்டுகளுக்குப் பின்னர் நடந்தது. பவுலே கலாத்தியர் 5:6இல் ‘அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசம்’ என்கிறார். முருங்கை காய்த்தால்தான் அது முருங்கை என்று அயலார் அறிவார்கள். காய்ப்பதனால் அது முருங்கையாகவில்லை. பத்து நிமிடத்துக்கு மேல் இங்கே நிற்காதீர்கள். நின்றால் வகுப்பு பட்டிமன்றமாகிவிடும்.

அயலவரைப்பற்றிப் பேசும்போது

யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர்களிற் பெரும்பாலார் கத்தோலிக்கர். உங்கள் வகுப்பிலேயே ஒரு பிள்ளையின் தாய் கத்தோலிக்கராக இருப்பார். ‘அவர்கள் நற்செயல்களால் மோட்சம் போகலாம் என்கிறார்கள்’ என்ற வாக்கியம் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது, ஏனென்றால் அது பொய். 1547 சனவரியில் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்துப் பொதுச்சங்கம் வெளியிட்ட 33 கண்டன விதிகளில் முதலாவதே, கிருபையின்றித் தன் செயல்களால் மனிதன் நீதிமானாகலாம் என்பவரைத்தான் கண்டிக்கிறது. உண்மையான வேறுபாடு நாம் முதலில் பார்த்த சொல்லில்தான் இருக்கிறது. சீர்திருத்தச் சபைகள் ‘எண்ணுதல்’ என்று சொன்ன இடத்தில், திரெந்துச் சங்கம் பாவமன்னிப்போடு உள்ளான மனிதனின் புதுப்பித்தலையும் சேர்த்து ‘ஆக்குதல்’ என்று சொன்னது. அந்த ஆக்குதலைச் சீர்திருத்தச் சபைகளும் மறுக்கவில்லை. பரிசுத்தமாக்கப்படுதல் என்று அதற்கு வேறு பெயரிட்டு, தீர்ப்புக்குப் பின்னால் வைத்தன. 1999 ஒக்டோபர் 31இல் ஓக்ஸ்பேர்க் நகரில் லூதரன் உலகச் சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் இதுபற்றிக் கூட்டுப் பிரகடனம் ஒன்றில் ஒப்பமிட்டன. 2006இல் உலக மெதடிஸ்தப் பேரவையும் அதனோடு இணைந்தது. எல்லா வேறுபாடும் தீர்ந்துவிடவில்லை, ஆனால் ஒருவரையொருவர் சபித்த பழைய கண்டனங்கள் இன்றைய போதனைக்குப் பொருந்தா என்று இரு தரப்பும் ஏற்றுக்கொண்டன. கத்தோலிக்கர் பயன்படுத்தும் 1995ஆம் ஆண்டின் பொது மொழிபெயர்ப்பு ‘கடவுளுக்கு ஏற்புடையவராதல்’ என்று சொல்கிறது. உண்மையைச் சொன்னால், நம் ‘ஆக்கு’வை விட அது காதுக்குத் தெளிவு.

சைவ உறவினரோடு பேச நேர்ந்தால், கிருபை கிறிஸ்தவருக்கு மட்டுமே தெரிந்த சொல் என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள். திருவருள் இல்லாமல் வீடில்லை என்று சைவசித்தாந்தம் நம்மைவிட நுட்பமாகவே பேசும். இருவினையொப்பும் (நல்வினை தீவினை இரண்டையும் ஒப்பக் கருதும் நிலை) மலபரிபாகமும் (ஆன்மாவின் அழுக்கு கழலும் பக்குவம்) வாய்த்த ஆன்மாவில் சத்திநிபாதம், அதாவது திருவருள் பதிதல், நிகழும் என்பது அங்கே கொள்கை. கனி பழுத்தபின் அருள் பதிகிறது. பவுல் சொல்வது பழுக்காத கனியைப்பற்றி. ‘நாம் பாவிகளாயிருக்கையில்’ என்று ரோமர் 5:8 காலத்தைக் குறித்தே எழுதுகிறது. வேறுபாடு அந்த ஓரிடத்தில் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். கேட்பவர் சித்தாந்தம் படித்தவராக இருந்தால், நீங்கள் பேசுவதைவிட அதிகம் கேட்கவேண்டி வரும்.

வரலாறு, கடைசிப் பத்து நிமிடத்தில்

இப்போது 1517 வரலாம். ரோமர் 1:17இல் உள்ள ‘தேவநீதி’ என்ற சொல்லை, தண்டிக்கும் நீதி என்று நினைத்து வெறுத்த ஒரு துறவி, அது தரப்படும் நீதி என்று கண்டபோது தனக்குப் பரலோக வாசல் திறந்ததுபோல இருந்தது என்று பிற்காலத்தில் எழுதினார் என்றால், வகுப்பு இப்போது அவரைப் புரிந்துகொள்ளும். 1738 மே 24 மாலையில் லண்டனில், ரோமர் நிருபத்துக்கு லூதர் எழுதிய முன்னுரை வாசிக்கப்படக் கேட்டுக்கொண்டிருந்த, மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியையும் சேருங்கள். மெதடிஸ்த பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அங்கிலிக்கன் பிள்ளைகளுக்கு 39 சமயக் கோட்பாடுகளில் 11ஆவதைக் காட்டுங்கள். அது நாம் நீதிமான்களாக ‘எண்ணப்படுகிறோம்’ என்றே தொடங்குகிறது.

இந்த உபதேசம் யாழ்ப்பாணத்துக்கு 1658இல் ஒல்லாந்தரோடு வந்து, 1814க்கும் 1818க்கும் இடையில் மெதடிஸ்த, அமெரிக்க, அங்கிலிக்கன் மிஷனரிமாரோடு மறுபடி வந்தது. ஒல்லாந்தர் காலத்தில் அரச உத்தியோகம் பெறுவதற்கு ஞானஸ்நானம் வேண்டியிருந்தது. எதையும் சம்பாதிக்க வேண்டியதில்லை என்று சொல்லும் உபதேசம், உத்தியோகம் சம்பாதிக்கும் வழியாக இங்கே வந்திறங்கியதை நினைத்து நான் பலமுறை சிரித்திருக்கிறேன். வகுப்பில் அதைச் சொல்வதா விடுவதா என்பது உங்கள் விருப்பம்.

முடிக்கும்போது லூக்கா 18:9 முதல் 14 வரை ஒருவர் நிதானமாக வாசிக்கட்டும். ஆயக்காரன் (வரி வசூலிப்பவன்) நீதிமானாக்கப்பட்டவனாய்த் தன் வீட்டுக்குத் திரும்பிப்போனான் என்பதில் அவன் திருந்திய வரலாறு ஒன்றும் இல்லை என்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். விளக்கம் வேண்டாம், ஜெபத்தோடு விட்டுவிடுங்கள், ஆச்சிமாருக்குக் கடைசி பஸ் பிடிக்கவேண்டும்.

வீட்டுவேலை ஒன்று கொடுங்கள். பிலேமோன் நிருபத்தை மறுபடி வாசித்து, கொப்பியில் இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதி வரட்டும். முதலாவது: கடனைத் தம் கணக்கில் வைக்கச் சொன்னவர் யார்? இரண்டாவது: அந்தக் கடனைத் தீர்க்க ஒநேசிமு என்ன செய்ததாக நிருபம் சொல்கிறது? இரண்டாவது கேள்விக்குக் கீழே வேண்டுமென்றே ஐந்து வரி இடம் விட்டுக் கொடுங்கள். அடுத்த வாரம் கொப்பிகளை வாங்கிப் பாருங்கள். மன்னிப்புக் கேட்டான், கடினமாக உழைத்தான், நல்லவனாக மாறினான் என்று அந்த ஐந்து வரிகளையும் நிரப்பிய பிள்ளைகள் பலர் இருப்பார்கள். வெறுமையாக விட்டு வந்த ஒரு பிள்ளை, வீட்டுவேலை செய்யவில்லை என்று ஏச்சு விழும் பயத்தில் கொப்பியை அடியில் ஒளித்து வைத்திருக்கும். இரண்டாவது வகுப்பை அந்தப் பிள்ளையின் கொப்பியை வெளியே எடுத்து, எல்லாருக்கும் விரித்துக் காட்டித் தொடங்குங்கள்.